ஆர்சனிக்குக்கு ஒரு லாக்கர். வாடகையை யார் கட்டுறது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க அபார்ட்மென்ட் மோட்டார் ரூம் பக்கம் போயிருந்தேன். சும்மா இல்லை. இந்த வருஷம் அசோசியேஷனுக்கு நான்தான் பொருளாளர். பேங்க்ல வேலை பாக்குறவன்னு தெரிஞ்சா எங்கே போனாலும் கணக்கு நோட்டைக் கையில திணிச்சுடுவாங்க, உங்களுக்கே தெரியும் :-)

நாங்க இருக்கிறது கொல்கத்தாவுக்கு வடக்கே, வடக்கு 24 பர்கானா மாவட்டத்துல. ஆழ்குழாய்த் தண்ணிதான். அதுல இரும்பும் இருக்கு, ஆர்சனிக்கும் இருக்கு. அதனால மோட்டார் ரூம்ல பெருசா ஒரு பில்டர் வெச்சிருக்கோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். அன்னிக்கு வந்த பையன் பில்டரைக் கழுவினதும் வந்த காவி நிறச் சேத்தை பக்கெட் பக்கெட்டா தூக்கிட்டுப் போய், பின்னாடி இருக்கிற செம்பருத்திச் செடிக்கு அடியில ஊத்திக்கிட்டு இருந்தான். "இது எங்கேப்பா போகும்?"னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை வங்காளத்துல கேட்டேன். "தாதா, சிந்தா கொர்பேன் நா"ன்னு சிரிச்சான். கவலைப்படாதீங்கன்னு அர்த்தம்.

எனக்கு அப்பத்தான் கவலையே ஆரம்பிச்சுது. மூணு வருஷமா நாங்க இப்படித்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கோம். இந்த வருஷத்து ரெண்டு பில்லுக்கு நானே செக்குல கையெழுத்துப் போட்டிருக்கேன்.

சாதாரணமா இருந்தா நானும் கண்டுக்காம வந்திருப்பேன். ஆனா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பையனோட ஸ்கூல் புராஜெக்டுக்காக உட்கார்ந்து படிச்சிருந்தேன். பதினொண்ணாவது படிக்கிறான். தலைப்பு: சுரங்கத்துல இருந்து வர்ற அமிலத் தண்ணியில ஆர்சனிக்கைப் பிடிச்சு வைக்கிற பாக்டீரியா. சார்ட்டுல பெரிய எழுத்துல "விஷத்தைத் தின்னும் கிருமி"ன்னு எழுதி வெச்சிருந்தான். பி.காம் படிச்ச அப்பனுக்கு இதுல என்ன தெரியும்னுதான் ஆரம்பத்துல ஒதுங்கினேன். தங்கமணி விடலை. "ஏங்க, ஊரார் லோன் பைலெல்லாம் வரி வரியாப் படிக்கிறீங்க, பெத்த புள்ளையோடதைப் படிக்க மாட்டீங்களா?" வேற வழி?

படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. அந்தத் தலைப்பே தப்பு. பாக்டீரியா ஆர்சனிக்கைத் தின்னு செரிக்கலை. லாக்கர்ல வைக்குது. லாக்கர்னா அதுக்கு வாடகை உண்டு, சாவி உண்டு, உடைஞ்சா யார் பொறுப்புங்கற கேள்வியும் உண்டு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன்.

ஆர்சனிக் நமக்குப் புதுசு இல்லை. நம்ம சித்த வைத்தியத்துல தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம்னு சொல்றதெல்லாம் ஆர்சனிக் சரக்குதான். பாறைக்குள்ள கந்தகத்தோடயும் இரும்போடயும் சேர்ந்து இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கும். சுரங்கம் தோண்டி, பாறையை மாவா அரைச்சு, வேண்டிய உலோகத்தை எடுத்துட்டு மிச்சத்தைக் குவிச்சு வெச்சா வம்பு தொடங்குது. அந்தக் குவியல்ல 'பைரைட்'னு இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கும். மழைத் தண்ணியும் காத்தும் பட்டா அது கந்தக அமிலமா மாறும். உள்ளே இருக்கிற ஆர்சனிக்கும் கரைஞ்சு வெளியே வரும்.

இதுக்கு ரொம்ப நல்லா ஆராய்ச்சி செஞ்ச உதாரணம் தெற்கு பிரான்ஸ்ல, கார் மாவட்டத்துல இருக்கிற கார்னுலேஸ். ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம். 1962-ல மூடிட்டாங்க. விட்டுட்டுப் போன கழிவு சுமார் 15 லட்சம் டன். அதுல 0.2 சதவீதம் ஆர்சனிக். சின்ன நம்பரா தெரியுது இல்லையா? பெருக்கிப் பாருங்க. 3,000 டன்! அந்தக் குவியலுக்கு அடியில இருந்து ஒரு சின்ன ஓடை கிளம்புது. பேரு ரெய்கு. கிளம்புற இடத்துல தண்ணி கிட்டத்தட்ட வினிகர் மாதிரி புளிப்பு (பி.ஹெச். 2.7-ல இருந்து 3.4 வரை). லிட்டருக்கு 75 முதல் 260 மில்லிகிராம் வரை ஆர்சனிக் அளந்திருக்காங்க. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது குறைஞ்சபட்சமே 7,500 மடங்கு!

இந்தத் தண்ணியில எது உயிரோட இருக்கும்னுதானே நினைப்போம்? பாக்டீரியா இருக்கு. இருக்கிறதோட வேலையும் செய்யுது.

வேலை எப்படின்னா, இந்தத் தண்ணியில ஆர்சனிக்கைவிட இரும்பு பல மடங்கு அதிகம். கரைஞ்ச நிலையில இருக்கிற இரும்பு காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்தா துரு மாதிரி கெட்டியாகி அடியில படியும். படியும்போது ஆர்சனிக்கையும் கையோட பிடிச்சு இழுத்துக்கும். நம்ம வீட்டு ஆழ்குழாய்த் தண்ணியை ராத்திரி குடத்துல வெச்சா காலையில மஞ்சளா படிஞ்சிருக்கே, அதே சங்கதிதான். ஆனா அமிலத் தண்ணியில இந்த மாத்தம் தானா நடக்க ரொம்ப ரொம்ப நாளாகும். அங்கேதான் 'அசிடிதையோபேசில்லஸ் பெர்ரோஆக்சிடன்ஸ்'னு ஒரு பாக்டீரியா வருது. (பேரை ஒரே மூச்சுல சொன்னா அன்னிக்கு உடற்பயிற்சி வேண்டாம்.) அதுக்குச் சாப்பாடே அந்த இரும்புதான். இரும்பை ஆக்சிஜனோட சேர்த்து, அதுல கிடைக்கிற சக்தியில பிழைக்குது. இப்படிப்பட்ட பாக்டீரியா இருந்தா அந்த மாத்தத்தோட வேகம் பத்து லட்சம் மடங்கு வரை கூடும்னு 1970-லயே கணக்குப் போட்டிருக்காங்க.

கூடவே 'தையோமோனாஸ்'னு இன்னொரு கூட்டம். இது ஆர்சனிக்கையே கொஞ்சம் மாத்துது. ஆர்சனிக் ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒண்ணு நழுவி ஓடும், விஷமும் அதிகம். இன்னொண்ணு இரும்போட இறுக்கமா ஒட்டும். தையோமோனாஸ் முதலாவதை ரெண்டாவதா மாத்தித் தருது. மழைக்காலத்துல இன்னொரு வேடிக்கை: நழுவுற ஆர்சனிக்கே இரும்போட சேர்ந்து 'டூயெலைட்'னு ஒரு அபூர்வத் தாதுவாப் படியுது. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல முதல்ல கண்டுபிடிச்சு 1992-ல பதிவு செஞ்ச தாது. இங்கே பாக்டீரியா இருக்கிற ஓடையில சர்வ சாதாரணமா உருவாகுது.

பலன் என்ன? கொரின் காஸியோவும் அவரோட சக ஆராய்ச்சியாளர்களும் 2003-ல எழுதின கணக்குப்படி, ஓடையோட முதல் 30 மீட்டர்லயே 20 முதல் 60 சதவீதம் ஆர்சனிக் தண்ணியை விட்டு இறங்கிடுது. 30 மீட்டர்னா எங்க தெரு முனை வரைக்கும்கூட இல்லை! ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி ஆமூஸ் ஆத்துல சேர்றதுக்குள்ள சுமார் 95 சதவீதம் இறங்கிடுது. படிவுல சில இடத்துல எடையில அஞ்சுல ஒரு பங்கு வரை ஆர்சனிக்தான். 2011-ல பிலிப் பெர்த்தான் குழு அந்தப் படிவுல இருக்கிற உயிர்களோட மரபணுக்களை மொத்தமாப் படிச்சுப் பார்த்தாங்க. முக்கியமா ஏழு வகை பாக்டீரியா. ஒண்ணு விட்டதை இன்னொண்ணு எடுத்துக்குது. நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கம் ஒழுங்கா நடந்தா எப்படி இருக்குமோ, அப்படி.

இதுவரைக்கும் நல்ல செய்தி. இனிமே என் தொழில் புத்தி.

முதல் விஷயம். 95 சதவீதம்னு கேட்டதும் கை தட்டத் தோணும். மீதி 5 சதவீதம்? கம்மியா வெச்சு 75 மில்லிகிராம்ல 5 சதவீதம் எடுத்தாலே 3.75. குடிதண்ணி அளவைப் போல 375 மடங்கு. 'ரெகவரி 95 பர்சென்ட்'னு பிரான்ச் மேனேஜர் மீட்டிங்ல சொல்றப்போ, மொத்தக் கடன் எவ்வளவுன்னு கேக்கணும்னு எங்க ரீஜனல் ஆபீஸ்ல ஒரு பெரியவர் சொல்வார். அது இங்கேயும் பொருந்தும்.

ரெண்டாவது. இதே பாக்டீரியாதான் அந்த அமிலத்தை உண்டாக்கறதுலயும் பங்காளி. 1947-ல கோல்மர், ஹிங்கிள்னு ரெண்டு பேர் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க அமிலத் தண்ணியில இதை முதல்ல கண்டுபிடிச்சதே, 'அமிலம் இவ்வளவு வேகமா எப்படி வருது'ன்னு தேடினப்போதான். குவியலுக்குள்ள பைரைட்டைக் கரைக்க உதவுறதும் அதுதான், ஓடையில ஆர்சனிக்கைப் பிடிக்கிறதும் அதுதான். அது நமக்கு வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை. அது பிழைப்பை அது பாக்குது.

மூணாவதுதான் முக்கியம். இந்த லாக்கர் திறக்கும். எப்படித் திறக்கும்னு தெரிஞ்சுக்க பிரான்ஸ் போக வேண்டாம், நான் குடியிருக்கிற மண்ணே போதும். வங்காளத்து நிலத்தடியில நடந்தது இந்தக் கதையோட தலைகீழ். இமயமலையில இருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டல்ல, துரு பூசின மணல் மேல ஆர்சனிக் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பூமிக்கடியில ஆக்சிஜன் இல்லாத இடத்துல வேற வகை பாக்டீரியாக்கள், மக்கின தாவரப் பொருளைத் தின்னுட்டு, மூச்சுக்கு அந்தத் துருவைப் பயன்படுத்திக்குது. துரு கரையுது. ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணிக்கு வந்துடுது. 1983-ல தோல் மருத்துவர் கே.சி. சாஹா முதல் நோயாளிகளைக் கண்டுபிடிச்சார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்து தீபங்கர் சக்கரவர்த்தி 1988-ல இருந்து 2018-ல மறையுற வரைக்கும் ஊர் ஊரா கிணத்துத் தண்ணியை எடுத்துச் சோதிச்சார். அவங்க பார்த்த கறுத்த உள்ளங்கையும் புற்றுநோயும் எல்லாம் இந்தத் திறந்த லாக்கரோட விளைவுதான்.

ஆக, காத்து இருந்தா ஒரு கூட்டம் பூட்டி வைக்கும். காத்து இல்லேன்னா இன்னொரு கூட்டம் திறந்து விடும். ஓடையில படிஞ்சது ஒரு பெரிய வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போனாலும் போச்சு. பாக்டீரியா கையெழுத்துப் போட்டு எந்த உத்தரவாதமும் தரலை.

உத்தரவாதம்னதும் என் சப்ஜெக்ட் வந்துடுச்சு. கொல்கத்தாவுக்கு முன்னாடி மூணு வருஷம் ஜார்க்கண்ட்ல போஸ்டிங். அங்கே நான் பார்த்தது பெரும்பாலும் பேங்க் கியாரண்டி சீட். சுரங்கக் குத்தகைக்காரங்க கொடுக்கிற கியாரண்டியும் அதுல உண்டு. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சரி பண்ணலேன்னா அரசாங்கம் எடுத்துக்கறதுக்கான பிணை. நிலக்கரி தவிர மத்த பெரிய கனிமங்களுக்கு 2017 விதிகள்ல ஹெக்டேருக்கு 3 லட்சம், சின்ன 'பி' வகை சுரங்கம்னா 2 லட்சம்னு இருந்துச்சு. 2021-ல அதை 5 லட்சம், 3 லட்சமா உயர்த்தினாங்க. உயர்த்தினது நல்லதுதான். ஆனா அப்போ எத்தனையோ பைல் பார்த்தும் எனக்கு உறைக்காத ஒண்ணு இப்போ உறைக்குது: இது பரப்பளவை வெச்சுப் போட்ட கணக்கு. எவ்வளவு இடம் தோண்டினே, இயந்திரம் வெச்சா கையாலயா, இதுதான் கேள்வி. உள்ளே என்ன இருக்குங்கறது கேள்வியே இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டுறவனுக்கும், பைரைட் நிறைஞ்ச தாமிரத் தாது வெட்டுறவனுக்கும் ஹெக்டேருக்கு ஒரே ரேட்! சுண்ணாம்புக்கல் அமிலத்தைத் தணிக்கிற பொருள். இன்னொண்ணு அமிலத்தை உண்டாக்கற பொருள்.

நூறு ஹெக்டேர்னா 5 கோடி. பெரிய தொகைதான். அதை 7 சதவீத வட்டியில போட்டா வருஷத்துக்கு 35 லட்சம். அந்த 35 லட்சத்துல காவலாள், தண்ணிச் சோதனை, சேறு அள்ளுற லாரி, சேத்தைப் பத்திரமா வைக்கிற இடம் எல்லாம் அடங்கணும். விலைவாசி ஏற ஏற அதுவும் கரையும். எத்தனை வருஷத்துக்கு? கார்னுலேஸ்ல மூடி 60 வருஷம் தாண்டிடுச்சு, ஓடை இன்னும் காவியாத்தான் ஓடுது. அமெரிக்காவுல கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்துல அமிலம் இன்னும் 3,000 வருஷம் வரும்னு விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்காங்க. அங்கே 2000-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க: 30 வருஷம் சுத்திகரிப்பு நடத்த ஏற்பாடு, அப்புறம் 2030-ல காப்பீட்டுல இருந்து 51.4 கோடி டாலர் அரசாங்கத்துக்கு. அதுவும் நிரந்தரத் தீர்வு இல்லை. ஆனா காலத்தைக் கணக்குல சேர்த்திருக்காங்களே, அதைச் சொல்றேன். எங்க கியாரண்டியில கடைசி வரி என்ன தெரியுமா? கெடு தேதி. அதுக்குள்ள கிளெய்ம் வரலேன்னா எங்க பொறுப்பு முடிஞ்சுது. ஆர்சனிக்குக்குக் கெடு தேதி கிடையாது. அது தனிமம். மக்காது, எரியாது, காலாவதி ஆகாது.

'பாக்டீரியா இலவசமா செய்யுதே, எதுக்குப் பணம்?'னு கேக்கறவங்க வருவாங்க. இனிமே நிறைய வருவாங்க. எனக்கு பயம் அந்த வாதத்து மேலதான். பாக்டீரியா வழி வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. வேணும். சுண்ணாம்பு கொட்டிச் சுத்தம் பண்ணா மலை மலையா சேறு வரும். பாக்டீரியா ஆர்சனிக்கை அடர்த்தியான படிவா இறக்கித் தருது. கார்னுலேஸ்லயே இதை ஓடையோரத்துல ஒரு தொட்டியமைப்பா வெச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நம்ம மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட் தாமிரச் சுரங்கத்துல அமிலக் கசிவு உண்டு. மேகாலயாவின் ஜெயின்டியா மலையில, 2014-ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்ட எலிவளை நிலக்கரிக் குழிகள்ல இருந்து இன்னும் அமிலத் தண்ணி ஆத்துக்குப் போகுது. எல்லா இடத்துலயும் ஆர்சனிக் இருக்கும்னு இல்லை. ஆனா அமிலத்துக்குப் பாக்டீரியாவோட உதவியை முயற்சி பண்ண வேண்டியதுதான். நான் கேக்கறது, பிடிச்சதுக்கு அப்புறம் அதைக் காவல் காக்கிற செலவு யார் பேர்ல எழுதப்படுதுன்னு.

என் கருத்து மூணே வரி. பிணைத் தொகையை ஹெக்டேரை வெச்சுப் போடாம, கழிவுல எவ்வளவு கந்தகம், எவ்வளவு ஆர்சனிக்னு சோதிச்சுப் போடுங்க. விடுதலை தேதியைக் காலண்டர்ல பாக்காம, தண்ணிச் சோதனையில பாருங்க. தொடர்ந்து பல வருஷம் சுத்தமா வந்தா விடுங்க. காகித கியாரண்டியோட ஒரு பகுதியைச் சுரங்கம் லாபத்துல இருக்கும்போதே ரொக்கமா ஒரு தனி நிதியில சேருங்க. லாபம் நின்ன அப்புறம் யார் கதவைத் தட்டினாலும் திறக்காது, அனுபவத்துல சொல்றேன்.

சரி, ஊருக்கு உபதேசம் முடிஞ்சுது. என் வீட்டுக் கணக்கு?

அந்த ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு வந்து செம்பருத்தி அடியைக் காட்டினேன். "அப்பா, மழைத் தண்ணி தேங்கி, இலை மக்கி, காத்து போகாம இருந்தா இது திரும்பக் கரையும்தானே?"ன்னான். படிச்சது அவனுக்கும் ஏறியிருக்கு. சார்ட்டுல தலைப்பை அவனே அடிச்சு "விஷத்தைப் பிடித்து வைக்கும் கிருமி"ன்னு மாத்திட்டான். வங்காளத்துக் கிராமங்கள்ல 1997-ல இருந்து அரூப் சென்குப்தா குழு பஞ்சாயத்துக் கிணறுகள்ல வெச்ச பில்டர்கள்ல இந்தச் சேத்துக்குன்னே காத்தோட்டமா ஒரு மணல் தொட்டி கட்டியிருக்காங்க. காரணம் இதேதான்: காத்து பட்டா துரு துருவாவே இருக்கும், ஆர்சனிக்கும் அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். கிராமத்துல செஞ்சதை லிப்ட் வெச்ச அபார்ட்மென்ட்ல நாங்க செய்யலை.

கமிட்டி மீட்டிங்ல சொன்னேன். தொட்டி கட்டணும், பழைய சேறு விழுந்த மண்ணை அள்ளிச் சோதனைக்கு அனுப்பணும், வீட்டுக்கு இவ்வளவு ஆகும்னு கணக்கு வெச்சேன். முதல் கேள்வி: "மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையே தாதா?" இந்தக் கேள்விக்கு எந்தச் சுரங்கக்காரர் மேலயும் நான் இனிமே கோபப்பட முடியாதுன்னு தோணுச்சு. ரெண்டு மீட்டிங் ஆச்சு, பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க. இப்போதைக்கு சேறு ரெண்டு டிரம்முல மோட்டார் ரூம் ஓரமா நிக்குது. செம்பருத்திக்குக் கம்பி வேலி போட்டாச்சு, குழந்தைங்க அந்தப் பக்கம் விளையாடறதில்லை. நானும் அடுத்த பட்ஜெட்டுல "சேறு பராமரிப்பு"ன்னு ஒரு தலைப்பு போட்டுட்டேன். எதிர்ல தொகை எழுத வேண்டியது பாக்கி.

பாட்னா, மால்டா, சில்சார்னு ஆர்சனிக் பக்கம் இருக்கிற நம்ம மக்களே, ஒரு வேலை பண்ணுங்க. உங்க பில்டர்காரர் அடுத்த தடவை வரும்போது தண்ணி எப்படின்னு மட்டும் கேக்காதீங்க, சேறு எங்கே போகுதுன்னும் கேளுங்க. பதில் என்ன வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் விஞ்ஞானி இல்லை. கணக்கு மட்டும் என்னுது. பெருக்கல்ல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்.